கடைசிக் காற்புள்ளியின் கணக்கு

(கணினி அறிவியல் மாணவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு சிறு கோப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் மா, இரண்டாம் வரியில் பலா, மூன்றாம் வரியில் வாழை. மாவை அடுத்து ஒரு நியூலைன் எழுத்து இருக்கிறது. பலாவை அடுத்தும் ஒன்று. வாழையை அடுத்து எதுவும் இல்லை. கோப்பு அந்த இடத்திலேயே முடிகிறது. இதில் எத்தனை வரி?

யூனிக்ஸின் 1971ஆம் ஆண்டு முதற்பதிப்பிலிருந்தே இருந்துவரும் டபிள்யூசி கட்டளையிடம் கேட்டால் இரண்டு என்கிறது. அதே கணினியில் இருக்கும் ஆக் கட்டளை மூன்று என்கிறது. சரி, வாழையின் பின்னும் ஒரு நியூலைனைச் சேர்த்துவிடுவோம். இப்போது டபிள்யூசி மூன்று என்று திருத்திச் சொல்கிறது. ஆக் பழையபடி மூன்றிலேயே நிற்கிறது. பைத்தானிடம் போகிறோம். ‘ஸ்பிளிட்லைன்ஸ்’ என்ற செயற்கூறு மூன்று என்கிறது. அதே பைத்தானில், நியூலைன் வரும் இடமெல்லாம் வெட்டிக்கொடு என்று ‘ஸ்பிளிட்’ செயற்கூறிடம் சொன்னால் நான்கு துண்டுகள் வருகின்றன. நான்காவது துண்டு வெறுமை.

மூன்று பழத்தை எண்ணப் போய் இரண்டு, மூன்று, நான்கு என மூன்று விடைகள் வந்துவிட்டன. இதில் எந்தக் கருவியிலும் பிழை இல்லை என்பதைத்தான் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் தன் வரையறைக்கு உண்மையாக நடந்துகொள்கிறது. வரையறைகள்தான் வேறு.

ஒரு குறி இரண்டு வேலைகளில் ஒன்றைச் செய்யலாம். இரண்டு பொருள்களுக்கு நடுவே நின்று அவற்றைப் பிரிக்கலாம். அல்லது ஒரு பொருளின் கடைசியில் நின்று ‘இது இத்துடன் முடிந்தது’ என்று சொல்லலாம். முன்னதைப் பிரிப்புக்குறி என்றும் பின்னதை முடிப்புக்குறி என்றும் அழைப்போம். நாம் எழுதும் உரைநடையில் காற்புள்ளி பிரிப்புக்குறி, முற்றுப்புள்ளி முடிப்புக்குறி. மூன்று பொருளுக்குப் பிரிப்புக்குறி இரண்டு போதும். முடிப்புக்குறி மூன்று வேண்டும். யூனிக்ஸ் குடும்பத்துக்குப் பொது விதி வகுத்த போசிக்ஸ் தரம் வரியை வரையறுக்கும்போதே நியூலைனை வரியின் உறுப்பாகச் சேர்த்துவிடுகிறது. நியூலைன் இல்லாமல் கோப்பின் கடைசியில் தொங்கும் எழுத்துகளை அது வரி என்றே ஏற்பதில்லை. நிறைவுறாத வரி என்று தனிப்பெயர் கொடுக்கிறது. டபிள்யூசி உண்மையில் வரிகளை எண்ணவில்லை, நியூலைன்களை எண்ணுகிறது. போசிக்ஸ் வரையறைப்படி இரண்டும் ஒன்றே.

சேமித்து வைக்கும் தரவுக்கு முடிப்புக்குறிதான் சரியானது. இதை வெறும் விருப்பமாகச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. இரண்டு கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மூன்று வரி, மற்றதில் ஐந்து வரி. எல்லா வரியும் நியூலைனோடு முடிந்திருந்தால், ஒரு கோப்பின் பின்னால் மற்றதை ஒட்டும்போது எட்டு வரி கிடைக்கும். எண்ணிவிட்டு ஒட்டினாலும், ஒட்டிவிட்டு எண்ணினாலும் ஒரே தொகை. நியூலைனைப் பிரிப்புக்குறியாக மட்டும் வைத்திருந்தால், ஒட்டிய இடத்தில் முதற்கோப்பின் கடைசி வரியும் இரண்டாம் கோப்பின் முதல் வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாகிவிடும். வாழையின் பின்னே கொய்யா வந்தால் ‘வாழைகொய்யா’ என்றொரு பழம் பிறக்கும்! தொகை ஏழுதான் வரும்.

சி மொழியின் தரம் மூலக்கோப்பின் கடைசியில் நியூலைன் கட்டாயம் என்று சொன்னது எதனால் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ஒரு கோப்பை இன்னொரு கோப்புக்குள் இழுத்துச் சேர்ப்பது அம்மொழியின் அன்றாட வேலை. இழுக்கப்பட்ட கோப்பின் கடைசி வரி முடியாமல் தொங்கினால் அடுத்த வரி அதோடு இணைந்துவிடக்கூடும். சி பிளஸ் பிளஸ் தன் 2011 தரத்தில் இந்தச் சுமையை நிரலாளரின் தோளிலிருந்து இறக்கிவைத்தது. நியூலைன் இல்லாவிட்டால் இருப்பதாகவே மொழிபெயர்ப்பி கொள்ளட்டும் என்று விதி மாறியது. நல்ல தீர்வு அது. குறி வேண்டும் என்ற கொள்கையைக் கைவிடாமல், விட்டுப்போனதை இயந்திரமே நிரப்பிக்கொள்ளச் செய்தார்கள்.

இரண்டாவது காரணம் சுழியத்தைப் பற்றியது. முடிப்புக்குறி முறையில் பொருள் ஒன்றுமே இல்லையென்றால் உரை காலியாக இருக்கும். வெறுமையான பொருள் ஒன்று இருந்தால் உரையில் குறி ஒன்று இருக்கும். இரண்டும் வேறு வேறு என்பது பார்த்தவுடன் தெரியும். பிரிப்புக்குறி முறையில் ஒரு பொருளுக்குச் சுழியம் குறிகள். பொருளே இல்லாதபோதும் சுழியம் குறிகள்தாம். காலி உரை ஒன்று கைக்கு வந்தால், ‘ஒன்றுமே இல்லை’ என்று அதற்குப் பொருளா, ‘ஒன்று இருக்கிறது, அது வெறுமையானது’ என்று பொருளா? உரையை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு மொழியும் தனக்குத் தோன்றியபடி முடிவெடுத்தது. காலிச் சரத்தைக் காற்புள்ளியால் வெட்டச் சொன்னால் பைத்தான், கோ, ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா ஆகியவை ஒரு வெறுந்துண்டைக் கொடுக்கின்றன. பெர்லும் ரூபியும் ஒன்றுமில்லை என்கின்றன. குறியைக் குறிப்பிடாமல் பைத்தானின் ஸ்பிளிட்டை அழைத்தால் அது இடைவெளிகளில் வெட்டும். அப்போது காலிச் சரத்துக்கு விடை சுழியம். ஒரே பெயர் கொண்ட ஒரே செயற்கூறு, ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு வழக்கங்களைக் கையாளுகிறது.

இந்த வழக்கு நேற்று முளைத்ததல்ல. அல்கால் 60 மொழியில் அரைப்புள்ளி கூற்றுகளுக்கு நடுவே வரும் பிரிப்புக்குறி. நிக்லாஸ் விர்த் தம் பாஸ்கலிலும் அதையே பின்பற்றினார். பிஎல் ஒன், சி ஆகியவற்றில் அது முடிப்புக்குறி. பாஸ்கல் எழுதிப் பழகியவர்களுக்கு ‘எல்ஸ்’ என்ற சொல்லின் முன்னால் அரைப்புள்ளி வைத்து மொழிபெயர்ப்பியிடம் அடி வாங்கிய நினைவு இருக்கும். எது மனிதருக்கு ஒத்துவருகிறது என்று ஊகிப்பதை விட்டுச் சோதித்துப் பார்த்தவர்கள் கேனன், ஹார்னிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 1975இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், அரைப்புள்ளியைப் பிரிப்புக்குறியாக வைத்த மொழியில் எழுதியவர்கள் முடிப்புக்குறியாக வைத்த மொழியில் எழுதியவர்களைவிட அந்த இடத்தில் அதிகம் தவறினார்கள். பின்னர் வந்த ஏடா மொழி முடிப்புக்குறியையே எடுத்துக்கொண்டது. மொழி வடிவமைப்பில் வாதங்களுக்குப் பஞ்சமில்லை, சோதனைகள்தாம் குறைவு. அதனாலேயே அந்த ஆய்வின்மேல் எனக்குத் தனி மதிப்பு.

இனி, நீங்கள் நாள்தோறும் கைவைக்கும் இடத்துக்கு வருகிறேன். ‘மா,பலா,’ என்று ஒரு சரம். கடைசியில் ஒரு காற்புள்ளி இருக்கிறது. இதை வெட்டினால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ, சி ஷார்ப் நான்கும் மூன்று துண்டுகள் என்கின்றன, மூன்றாவது வெறுமை. பெர்ல், ரூபி, ஜாவா மூன்றும் இரண்டே துண்டுகள் என்கின்றன.

இரண்டு என்பதைக் கேட்டவுடன் ஜாவா காற்புள்ளியை முடிப்புக்குறியாகக் கருதுகிறது என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. ‘மா,பலா,,,,’ என்று கொடுத்துப் பாருங்கள். முடிப்புக்குறிக் கணக்கில் ஐந்து வர வேண்டும், பிரிப்புக்குறிக் கணக்கில் ஆறு. ஜாவாவின் விடை இப்போதும் இரண்டு. கடைசியில் வரும் வெறுந்துண்டுகளை எத்தனை இருந்தாலும் அது உதிர்த்துவிடுகிறது. முதலில் வரும் வெறுந்துண்டை வைத்துக்கொள்கிறது, நடுவில் வருவதையும் வைத்துக்கொள்கிறது. கடைசியில் இருப்பவற்றுக்கு மட்டும் இடமில்லை.

இந்த வழக்கம் பெர்லிலிருந்து வந்தது. லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல், அறிக்கைகளையும் பதிவுகளையும் கிளறி வேண்டியதைப் பொறுக்கி எடுக்கப் பிறந்த மொழி. அந்த வேலையில் வால்பகுதி வெறுமைகள் பெரும்பாலும் குப்பைதான். பெர்லின் வீட்டுக்கு அது பொருத்தமாக இருந்தது. ஜாவா 2002இல் தன் 1.4 பதிப்பில் வடிவக்கோவைகளைச் சேர்த்தபோது, ஸ்பிளிட்டோடு இந்த வழக்கமும் உடன் வந்தது. ஆனால் ஜாவாவை மக்கள் பயன்படுத்தியது வங்கியிலும் அலுவலகத்திலும், கட்டங்களின் வரிசை மாறாத அட்டவணைகளைப் படிக்க.

அங்கே என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒரு பட்டியலில் பெயர், வயது, ஊர், கைபேசி எண் என்று நான்கு கட்டங்கள். கைபேசி இல்லாத ஒருவரின் வரி காற்புள்ளியோடு முடியும். அந்த வரியை மட்டும் ஜாவா மூன்று துண்டாக வெட்டும். நான்காவதை எடுக்கப் போகும் நிரல், எல்லையைத் தாண்டிவிட்டாய் என்ற பிழையோடு நிற்கும். அல்லது பிழை வரும் வரிகளைத் தள்ளிவிட்டுப் போகும்படி யாராவது எழுதியிருந்தால் அந்த ஆள் பட்டியலிலிருந்தே போய்விடுவார். வயதை நிரப்பாதவருக்கு இது நேராது, ஊரை நிரப்பாதவருக்கும் நேராது. கைபேசி இல்லாதவருக்குத்தான் நேரும். நிரலைச் சோதித்தவர் தம் மாதிரித் தரவில் எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பியிருப்பார்; அதனால் சோதனையில் இது தலைகாட்டவே செய்யாது. இந்தப் பொருளைப் பற்றி உங்கள்முன் பேச வேண்டும் என்று நான் விரும்பியதற்கு இந்த ஒரு வரியே காரணம். மருந்து எளிது. ஸ்பிளிட்டுக்கு ஓர் எதிர்மறை எண்ணை, வழக்கமாக -1 என்பதை, வரம்பாகக் கொடுத்தால் வெறுமைகள் உதிராமல் நிற்கும்; பெர்லில் அது மூன்றாவது உள்ளீடு, வெட்டப்படும் சரத்தின்மேலேயே ஸ்பிளிட்டை அழைக்கும் ஜாவா, ரூபியில் இரண்டாவது உள்ளீடு. ஆனால் பாதுகாப்பான நடத்தைதான் கேட்காமலே கிடைக்க வேண்டும். உதிர்ப்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இங்கே அது தலைகீழாக இருக்கிறது.

இதே ஜாவாவில் இன்னொரு கணக்கு. காலிச் சரத்தை வெட்டினால் ஒரு துண்டு. ஒற்றைக் காற்புள்ளி மட்டும் உள்ள சரத்தை வெட்டினால் சுழியம் துண்டுகள். ஒரு குறியைச் சேர்த்ததும் எண்ணிக்கை குறைகிறது. வெட்ட இடமே இல்லாதபோது முழுச் சரத்தையும் அப்படியே திருப்பிக்கொடு என்பது ஒரு விதி. வால்பகுதி வெறுமைகளை உதிர் என்பது இன்னொரு விதி. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமாகவே தோன்றும். சேரும்போது இப்படி ஆகிறது. கூகுளின் குவாவா நூலகம் வெட்டும் வேலைக்குத் தனியாக ஒரு கருவியை உருவாக்கி, வெறுமைகளை விடலாமா என்பதை வெளிப்படையாகச் சொல்லவைத்ததற்கு இத்தகைய குழப்பங்களும் காரணம்.

ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு அடுத்தது முக்கியம். ஒரு கோப்பை வரிவரியாகப் படிக்க ‘வைல் ரீட்’ என்று ஒரு சுழற்சி எழுதுவோம். ரீட் கட்டளை நியூலைன் வரும்வரை படிக்கும். கோப்பின் கடைசி வரியில் நியூலைன் இல்லையென்றால், படித்ததை மாறியில் வைத்துவிடும். கூடவே, முடிவை எட்டிவிட்டேன், தோல்வி என்று சொல்லும். தோல்வி என்றதும் சுழற்சி நிற்கும். கடைசி வரி மாறிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதற்குரிய வேலை நடப்பதில்லை. பிழைச்செய்தியும் இல்லை.

விடுபடுவது எப்போதும் கடைசி வரி என்பதைக் கவனியுங்கள். தமிழ் அகரவரிசையில் அடுக்கிய பட்டியலானால் ஹகரத்தில் பெயர் தொடங்குபவர் விடுபடுவார். ஆங்கில அகரவரிசையானால் இஸட் எழுத்துக்காரர். மாதாமாதம் அதே முறையில் பட்டியல் வந்தால் மாதாமாதம் அதே ஆள். கால வரிசையில் எழுதிய பதிவுக் கோப்பானால், விடுபடுவது மிகப் புதிய பதிவு. நாம் தேடி வந்ததே அதுவாக இருக்கலாம். ஆயிரத்தில் ஒன்றுதானே என்று சொல்ல முடியாது. அந்த ஒன்று தற்செயலாக மாறிமாறி வருவதல்ல. சுழற்சியின் நிபந்தனையில் ‘ரீட் வெல்ல வேண்டும், அல்லது மாறி காலியாக இல்லாமல் இருக்க வேண்டும்’ என்று இரண்டாவது சோதனையைச் சேர்த்தால் கடைசி ஆளுக்கும் முறை வரும்.

ஷெல்லின் உள்ளேயே இரண்டு வழக்கங்கள் குடியிருக்கின்றன. எந்தக் குறியில் பிரிப்பது என்று சொல்லும் ஐஎஃப்எஸ் மாறியில் காற்புள்ளியை வைத்து ‘மா,பலா,’ சரத்தைப் பிரித்தால் போசிக்ஸ் ஷெல் இரண்டு என்கிறது. அங்கே குறி முடிப்புக்குறி. ஆனால் கட்டளைகளை எந்தெந்த அடைவில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் முக்காற்புள்ளி பிரிப்புக்குறி. கடைசியில் ஒரு முக்காற்புள்ளி மிச்சமாக நின்றால் அதன்பின் ஒரு வெறும் பெயர் இருப்பதாகப் பொருள். வெறும் பெயருக்கு, நீங்கள் அப்போது நிற்கும் அடைவு என்று பொருள். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஓர் அடைவில் நின்றுகொண்டு ஒரு கட்டளையின் பெயரைத் தவறாகத் தட்டினால், அதே தவறான பெயரில் வேறொருவர் வைத்திருக்கும் நிரல் உங்கள் அதிகாரத்தோடு ஓடும். இங்கே எண்ணிக்கையில் ஒன்று கூடுவது பாதுகாப்பில் ஓட்டை.

யாரும் வேண்டுமென்றே அந்தக் குறியை அங்கே வைப்பதில்லை. லினக்ஸில் நூலகங்களைத் தேடும் எல்டி லைப்ரரி பாத் என்ற மாறிக்கும் இதே விதி. ஒரு ஸ்கிரிப்ட் தன் அடைவை எழுதி, முக்காற்புள்ளி வைத்து, அதன்பின் அந்த மாறியின் பழைய மதிப்பை ஒட்டும். பழைய மதிப்பு காலியாக இருந்தால், அதுதான் பெரும்பாலும் நிலைமை, கடைசியில் முக்காற்புள்ளி தனித்து நிற்கும். ‘ஒன்றுமில்லை’ என்பது ‘வெறுமையான ஒன்று’ ஆகிவிட்டது. 2010 வாக்கில் பல மென்பொருள்களின் தொடக்க ஸ்கிரிப்ட்களில் இதே குறை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. காலி உரை வந்தால் பிரிப்புக்குறி முறை தடுமாறும் என்று முன்பு சொன்னேனே, அந்தத் தடுமாற்றம்தான் இது.

நிரலின் உள்ளே எழுதும் பட்டியல்களின் கடைசிக் காற்புள்ளியைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். சி மொழி அணியின் தொடக்கப் பட்டியலில் அதை ஆரம்பத்திலிருந்தே அனுமதித்தது. ஜாவாஸ்கிரிப்டின் விதிப்படி ஒன்று, இரண்டு, மூன்று என எழுதி ஒரு காற்புள்ளி வைத்தால் அணியின் நீளம் மூன்று. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், எட்டாம் பதிப்புவரை, நான்கு என்றது. அந்த ஓர் எண்ணுக்காக ஒரு தலைமுறை வலை நிரலாளர்கள் கடைசிக் காற்புள்ளிக்கு அஞ்சினார்கள். டக்ளஸ் கிராக்ஃபோர்டு வடித்துக்கொடுத்த ஜேசான் என்ற தரவு வடிவம் அதை முற்றாக விலக்கியது. கோ மொழி நேரெதிர். பட்டியலைப் பல வரிகளில் எழுதி மூடும் அடைப்பைத் தனி வரியில் வைத்தால் கடைசிக் காற்புள்ளி கட்டாயம். இதனால் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்க்கும்போது ஒரே ஒரு வரிதான் மாறும்; முந்தைய வரியில் காற்புள்ளி போடுவதற்காகக் கைவைக்க வேண்டியதில்லை. கோப்பின் கடைசி நியூலைனுக்கும் இதே நியாயம்தான். அது இல்லாத கோப்பின் கீழே ஒரு வரி சேர்த்தால், மேலே இருந்த வரியும் மாறியதாக, பதிப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் கருவி காட்டும். யாரோ எழுதிய வரி உங்கள் கணக்கில் ஏறும். பைத்தானில் அடைப்புக்குள் ஐந்து என்று எழுதினால் அது எண். ஐந்தை அடுத்துக் காற்புள்ளி வைத்தால் ஒரே உறுப்பு கொண்ட தொகுதி. அங்கே கடைசிக் குறி எண்ணிக்கையைக்கூட அல்ல, பொருளின் இனத்தையே மாற்றிவிடுகிறது.

இதைச் சரியாகக் கையாண்டவர்களையும் சொல்ல வேண்டும். ஹாஸ்கெல்லின் பார்செக் நூலகத்தில் மூன்று தனிச் செயற்கூறுகள்: ‘செப்பை’, ‘எண்ட்பை’, ‘செப்எண்ட்பை’. குறி நடுவில் மட்டும், குறி ஒவ்வொன்றின் கடைசியிலும், கடைசிக் குறி இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. எழுதுபவர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்ததைப் படிப்பவர் பெயரிலேயே கண்டுகொள்வார். ரஸ்ட் மொழியிலும் ‘ஸ்பிளிட்’ வேறு, ‘ஸ்பிளிட் டெர்மினேட்டர்’ வேறு. முன்னது ‘மா,பலா,’ சரத்துக்கு மூன்று தரும், பின்னது இரண்டு. ரஸ்டின் ‘லைன்ஸ்’ கடைசி நியூலைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விடை தரும்.

காற்புள்ளிக் கோப்புகளுக்காக 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 ஆவணமும் கவனிக்கத் தக்கது. கடைசி வரியின் முடிவில் வரிமுறிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிறது. வரிக்குள் கடைசிக் கட்டத்தை அடுத்துக் காற்புள்ளி வரக் கூடாது என்கிறது. ஒரே கோப்பில் வரிகளுக்கு ஒரு வழக்கம், கட்டங்களுக்கு வேறொரு வழக்கம். முரண்போலத் தோன்றினாலும் நடைமுறை அறிந்த ஏற்பாடு இது: கட்டங்களின் எண்ணிக்கை முதல் வரியிலேயே தெரிந்துவிடும்; வரிகளின் எண்ணிக்கையை முன்கூட்டி அறிய முடியாது.

நீங்கள் எழுதும் வெட்டுநிரல் எதுவானாலும் நான்கு சரங்களைக் கொடுத்துப் பாருங்கள். காலிச் சரம். ஒற்றைக் காற்புள்ளி. ‘மா,பலா’. ‘மா,பலா,’. பிரிப்புக்குறிக் கணக்கில் வர வேண்டிய விடைகள் ஒன்று அல்லது சுழியம், இரண்டு, இரண்டு, மூன்று. முடிப்புக்குறிக் கணக்கில் சுழியம், ஒன்று, கடைசிக் குறி விடுபட்ட மூன்றாவது சரத்துக்குப் பிழை அல்லது இரண்டு, நான்காவதற்கு இரண்டு. ‘அல்லது’ என்று நான் சொன்ன இரண்டு இடங்களிலும் எந்த விடை வேண்டும் என்பதை நிரலை ஓட்டுவதற்கு முன்பே தாளில் எழுதிவைத்துவிடுங்கள். ஜாவாவை வரம்பு கொடுக்காமல் ஓட்டினால் ஒன்று, சுழியம், இரண்டு, இரண்டு என்று வரும். அந்த வரிசை மேலே சொன்ன இரண்டு கணக்கிலும் சேராது.